ஸ்பானிஷ், போர்த்துக்கேயத்தில் பட்டப்பின் சான்றிதழ்: கொழும்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஸ்பானிஷ் கற்பிக்கிறேன். எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. டிகிரி இருக்கிறது, வேலையும் இருக்கிறது, இனி ஸ்பானிஷிலோ போர்த்துக்கேயத்திலோ ஒரு பட்டப்பின் சான்றிதழ் எடுக்கலாமா, எடுத்தால் எதற்கு உதவும் என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள். மற்றவர்கள் ஏற்றுமதி, சுற்றுலா, ஆராய்ச்சி என்று வேறு துறைகளில் இருப்பவர்கள். தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே சேர்த்துப் போடுகிறேன்.

பட்டப்பின் சான்றிதழ் என்றால் சரியாக என்ன? டிப்ளோமாவா, மாஸ்டர்ஸா?

முதல் பட்டத்துக்குப் பிறகு, மாஸ்டர்ஸுக்கு முன்னால் நிற்கிற சிறிய கற்கை நெறி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 12 முதல் 18 கிரெடிட், அதாவது நான்கு முதல் ஆறு பாடங்கள். பிறகு மாஸ்டர்ஸ் செய்ய நினைத்தால் அந்தக் கிரெடிட்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. எடுத்துக்கொள்ளாத இடங்களும் உண்டு, ஆகவே சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயரும் அளவும் நாட்டுக்கு நாடு மாறும். பிரித்தானியாவில் 60 கிரெடிட், அது 180 கிரெடிட் மாஸ்டர்ஸின் மூன்றில் ஒரு பங்கு. பிரேசிலில் இதற்குக் கிட்டத்தட்ட ஈடானது ‘எஸ்பெசியலிசசாவ்ங்’, குறைந்தது 360 மணி நேரம். போர்த்துக்கலில் ‘போஷ் கிராதுவசாவ்ங்’. ஸ்பெயினில் பல்கலைக்கழகம் தன் சொந்தப் பெயரில் தரும் பட்டமும், அரசு அங்கீகரித்த உத்தியோகபூர்வப் பட்டமும் வெவ்வேறு. முதலாவதைத் ‘தீத்துலோ ப்ரோப்பியோ’ என்பார்கள். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் மட்டம், 20 கிரெடிட். பட்டப்பின் டிப்ளோமா 8, மாஸ்டர்ஸ் 9இலிருந்து. ஒரு கிரெடிட்டின் அளவு எல்லா நாட்டிலும் ஒன்றல்ல என்பதால் கிரெடிட் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம், மணி நேரத்தை ஒப்பிடுங்கள். நம் நாட்டில் ஒரு கிரெடிட் 50 மணி நேர உழைப்பு, ஐரோப்பியக் கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம். ஆக நம் 20 கிரெடிட் என்பது 1000 மணி நேரம், ஐரோப்பியக் கணக்கில் 33 முதல் 40 வரை.

எனக்கு ஸ்பானிஷ் கொஞ்சம்தான் தெரியும். சேர்ந்து படித்துக்கொண்டே மொழியையும் கற்கலாமா?

முடியாது. இதைக் கேட்பவர்கள்தான் அதிகம், இதில்தான் பணமும் வீணாகிறது, அதனால் நேராகச் சொல்கிறேன். இந்தப் படிப்பு மொழியைக் கற்றுத்தருவதில்லை. மொழி ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு அதை எப்படிக் கற்பிப்பது, அதன் ஒலியும் இலக்கணமும் எப்படி இயங்குகின்றன, அதன் இலக்கியத்தை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தருகிறது. விரிவுரை ஸ்பானிஷில் நடக்கும், கட்டுரையையும் ஸ்பானிஷில்தான் எழுத வேண்டும். ஏ1 முதல் சி2 வரை ஆறு மட்டங்கள் கொண்ட ஐரோப்பிய அளவுகோலில் நான்காவது மட்டமான பி2 இல்லாமல் போனால் முதல் மாதத்திலேயே மூச்சுத் திணறும், சி1 இருந்தால்தான் ரசித்துப் படிக்க முடியும்.

பி2வுக்கு எவ்வளவு காலம்? ஆங்கிலம் பேசும் தன் இராஜதந்திரிகள் ஸ்பானிஷில் வேலை செய்யும் அளவுக்கு வர ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் தேவை என்பது அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. அவர்கள் முழுநேரமாகப் படிக்கிறார்கள், வீட்டு வேலை தனி. நீங்கள் வேலை முடிந்து வெள்ளவத்தைக்கோ பம்பலப்பிட்டிக்கோ பஸ் பிடித்து வந்து வாரத்துக்கு மூன்று மணி நேரம் படித்தால் வருடத்துக்கு 150 மணி நேரம்தான் சேரும். வகுப்பை மட்டும் நம்பினால் நான்கைந்து வருடம். தினமும் கேட்பது, வாசிப்பது, யாருடனாவது பேசுவது என்று வீட்டிலும் செய்தால் இரண்டு மூன்று வருடத்தில் வரலாம். அதற்குக் குறைவாகச் சொல்லும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

டெலே, சியேலே என்கிறார்களே, அவையும் இதுவும் ஒன்றா?

இல்லை. அவை மொழித் தேர்ச்சிப் பரீட்சைகள், இது பல்கலைக்கழகப் படிப்பு. டெலே, ஸ்பெயின் கல்வி அமைச்சின் பெயரில் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்துவது. ஏ1 முதல் சி2 வரை மட்டத்துக்கு ஒரு பரீட்சை, எடுத்த சான்றிதழ் காலாவதியாகாது. சியேலே கணினியில் எழுதுவது, முடிவு சீக்கிரம் வரும், ஆனால் 5 வருடம்தான் செல்லும். செர்வாந்தேஸ் நிறுவனத்துக்குப் புது டில்லியில் ஒரு நிலையம் இருக்கிறது. பரீட்சை நிலையங்களின் பட்டியல் அவர்கள் தளத்தில் இருக்கும், திகதி குறிப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்த்துக்கேயத்துக்கு இரண்டு வழி. லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் காப்லே நிலையம் நடத்தும் பரீட்சைகள், மட்டத்துக்கு ஒரு பெயர்: ஏ2வுக்கு சிப்லே, பி2வுக்கு திப்லே என்று போகும். பிரேசிலின் செல்பே-பிராஸ் வேறு மாதிரி. எல்லோருக்கும் ஒரே பரீட்சை, நீங்கள் செய்ததை வைத்து இடைநிலையிலிருந்து உயர்நிலை வரை நான்கு மட்டங்களில் ஒன்றைத் தருவார்கள்.

என் கருத்து, டெலே பி2 முதலில், பட்டப்பின் சான்றிதழ் பிறகு. விண்ணப்பம் பலமாகும், அதோடு படிப்பைத் தாங்குவீர்களா என்பதும் உங்களுக்கே தெரிந்துவிடும். சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தாமே தொலைபேசியிலோ இணையத்திலோ வாய்மொழி நேர்முகம் வைத்துப் பார்க்கும், அதற்கும் இந்தத் தயாரிப்பு போதும்.

ஸ்பானிஷா, போர்த்துக்கேயமா?

பள்ளிக்கூடம், சுற்றுலா, ஏற்றுமதி என்றால் ஸ்பானிஷ். ஆவணம், வரலாறு, பிரேசில் என்றால் போர்த்துக்கேயம்.

ஏற்றுமதிக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இலங்கைக் கறுவாவை வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்னணியில் இருக்கிறது, பெருவும் கொலம்பியாவும் கூட வாங்குகின்றன. கறுவாக் குச்சியின் தரங்களில் எம்5, எம்4 என்று வருகிற ‘எம்’ மெக்சிக்கன் என்பதைக் குறிப்பதுதான். அப்படி இருந்தும் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல், அங்கே யாரோ அதைப் பெயர்த்துச் சொல்லி, திரும்ப ஒரு மின்னஞ்சல் என்றுதான் பல அலுவலகங்களில் வேலை நடக்கிறது. சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது, ஈரப்பதம் கூடிவிட்டது என்று வாங்குபவர் கோபமாகப் பேசும்போது, நடுவில் ஆள் இல்லாமல் ஸ்பானிஷில் பதில் சொல்லக்கூடிய ஒருவர் அலுவலகத்தில் இருப்பது பெரிய விஷயம். ஆனால் அதற்கு பி2 மொழி போதும். பல்கலைக்கழகச் சான்றிதழ் தேவையில்லை. வழிகாட்டிகளுக்கும் அதேதான். சுற்றுலா அதிகாரசபையின் உரிமம் ஒன்று, மொழி ஒன்று, இரண்டும் இருந்தால் போதும்.

போர்த்துக்கேயத்தை நான் மனதாரப் பரிந்துரைப்பது ஆராய்ச்சி செய்பவர்களுக்கு. 1505இல் வந்த போர்த்துக்கேயர் 1658 வரை இந்தத் தீவின் கரையோரங்களை ஆண்டார்கள். அந்தக் காலத்து நிலப் பதிவேடுகள், கடிதங்கள், யாழ்ப்பாண அரசு பற்றிய குறிப்புகள் எல்லாம் அந்த மொழியில் கிடக்கின்றன, பெரும் பகுதி லிஸ்பனில். பெர்னாவ்ங் தெ கெய்ரோஸ் 1687இல் முடித்த இலங்கை வரலாறு 1916இல் கொழும்பில்தான் அச்சானது. தமிழுக்கு ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் இலக்கணமும் போர்த்துக்கேயத்தில்தான் இருக்கிறது, 16ஆம் நூற்றாண்டில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் எழுதியது. நம் வரலாற்றை எழுத நினைக்கும் தமிழ் மாணவர்கள் இவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டும் வாசித்துவிட்டு ஆய்வேட்டை முடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு மொழிபெயர்ப்பாளர் எதை விட்டார், எந்த ஊர்ப்பெயரைப் பிழையாகப் படித்தார் என்று கேட்க நமக்கு ஆள் வேண்டும். அந்த ஊர்ப்பெயர்கள் நமக்குத் தெரிந்தவை, அவருக்குத் தெரியாதவை.

இன்னொன்றும் இருக்கிறது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் குடும்பங்களில் பேசப்படும் போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது கலப்பு மொழி. சொற்கள் போர்த்துக்கேயம், ஆனால் வாக்கிய அமைப்பு தமிழை ஒட்டி நகர்ந்துவிட்டது. வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு போல ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. லிஸ்பனிலிருந்து வரும் ஒருவருக்கு அது புதிர், தமிழ் தெரிந்த ஒருவருக்குப் பாதி புரியும். பேசுபவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், போர்த்துக்கேயமும் மொழியியலும் சேர்ந்த ஒரு பட்டப்பின் சான்றிதழ் உங்கள் கையில் இருந்தால் செய்வதற்கு வேலை நிறைய இருக்கிறது.

இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் படிக்கலாமா?

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் இரண்டுக்கும் ஒரே துறை, சிலர் இரண்டிலும் பாடம் எடுக்க விடுவார்கள். ஒன்று உறுதியான பிறகு மற்றது என்றால் நல்லது. இரண்டும் அரைகுறை என்றால் இரண்டும் கலந்து கெட்டுப்போகும். ‘எஸ்கிசித்தோ’ என்று ஸ்பானிஷில் சொன்னால் சாப்பாடு பிரமாதம். அதே சொல்லைப் போர்த்துக்கேயத்தில் ‘எஷ்கிசித்து’ என்று சொன்னால் சாப்பாடு ஏதோ விசித்திரமாக இருக்கிறது என்று பொருள். வீட்டுக்கு அழைத்த பிரேசில்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஸ்பானிஷை பி2 வரை கொண்டுபோய்விட்டுப் போர்த்துக்கேயத்தைத் தொட்டால் வாசிப்பு மிக வேகமாக வரும், கேட்டுப் புரிவதுதான் பின்தங்கும்.

தமிழ் பேசுபவருக்கு இந்த மொழிகள் கஷ்டமா?

நாம் நினைப்பதை விட எளிது. ஆனால் ஆங்கிலத்தின் வழியாகப் போனால் கஷ்டமாக்கிக்கொள்கிறோம்.

என் வகுப்பில் திரும்பத் திரும்ப நடப்பது இது. ‘எனக்குத் தேநீர் பிடிக்கும்’ என்பதை ஸ்பானிஷில் சொல்லச் சொன்னால், பிள்ளைகள் மனதுக்குள் முதலில் ஆங்கிலத்துக்குப் போய், அங்கே ‘நான்’ எழுவாயாக இருப்பதைப் பார்த்து, ‘யோ குஸ்தோ’ என்று எழுதுவார்கள். பிழை. சரியானது ‘மே குஸ்தா எல் தே’. ‘மே’ என்றால் எனக்கு. தேநீர்தான் எழுவாய். அப்படியே தமிழ் அமைப்பு. ஆங்கிலப் பாடநூல்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகின்றன, தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வரி போதும். வினை விகுதியும் அப்படித்தான். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார்கள் என்று விகுதியே ஆளைக் காட்டுவதால் நாம் ‘நான்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்வதில்லை, ஸ்பானிஷ்காரரும் சொல்வதில்லை. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டுக்கு ‘தூ’, ‘உஸ்தேத்’ இருக்கின்றன.

ஒலியில் இன்னும் அழகு. அது என்பதில் வரும் த, அகம் என்பதில் வரும் க, இரண்டும் உயிர்களுக்கு நடுவில் மென்மையாகிவிடுகின்றன அல்லவா, நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்பானிஷிலும் அதே பழக்கம். ‘நாதா’ என்ற சொல்லின் நடு எழுத்தும், ‘லாகோ’ என்பதன் நடு எழுத்தும் நம் வாயில் தானாகவே சரியாக வரும். ஆங்கில மாணவர்கள் இதற்கு மாதக்கணக்கில் பாடுபடுவார்கள். ஸ்பானிஷின் த-வும் பல்லில் நாக்கு படும் நம் த-தான். ஆனால் கொழும்பில் ஆங்கில ஊடகத்தில் படித்தவர்கள் ‘டு’ என்கிறார்கள், ‘தூ’ என்று சொல்ல வைப்பதற்கே ஒரு வாரம் போகிறது.

கஷ்டமானவையும் உண்டு. மேசைக்கும் கதவுக்கும் ஆண்பால் பெண்பால் பார்க்க வேண்டும். ‘செர்’, ‘எஸ்தார்’ என்று இருப்பதைச் சொல்ல இரண்டு வினைகள். விருப்பத்துக்கும் ஐயத்துக்கும் வேறாக வரும் வினை வடிவம் சி1 வரை விடாமல் துரத்தும். ‘பெரோ’ என்றால் ஆனால், ர-வை நீட்டி உருட்டினால் நாய், அந்த உருட்டலுக்கு தினமும் பயிற்சி வேண்டும். சொல்லின் முதலில் வரும் ப ஒலி இரண்டு வகை, நம் எழுத்து இரண்டையும் ஒன்றாகவே காட்டும் என்பதால் குறிப்பேட்டில் உச்சரிப்பைத் தமிழில் எழுதும் பழக்கத்தை இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுங்கள். (இங்கே நான் எழுதியிருப்பதும் வாசிக்க வசதியாக மட்டும்தான்.) போர்த்துக்கேயத்தில் மூக்கொலி உயிர்கள் வேறு. போர்த்துக்கல்காரர்கள் அழுத்தமில்லாத உயிர்களை விழுங்கிவிடுவார்கள், பிரேசில்காரர்கள் வாயைத் திறந்து பேசுவார்கள், தொடக்கத்தில் பிரேசில் பேச்சு காதுக்கு எளிது.

நான் ஆசிரியை. இதை எடுத்தால் என்ன கிடைக்கும்?

எங்கே கற்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரச பாடசாலை என்றால் சம்பளமும் தரமும் ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பின்படி போகும், வெளிநாட்டுச் சான்றிதழ் ஒன்று தானாக எதையும் உயர்த்தாது, வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். இது பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு மாற்றும் அல்ல. சர்வதேசப் பாடசாலை என்றால் கதை வேறு. கேம்பிரிட்ஜ், எடெக்செல் என்ற பிரித்தானியப் பரீட்சைகள் இரண்டிலும் ஸ்பானிஷ் பாடம் உண்டு, ஐபி என்கிற சர்வதேச டிப்ளோமாவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கென்றே இரண்டு வருட ஸ்பானிஷ் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் டெலே சி1, இந்தச் சான்றிதழ், கற்பித்த அனுபவம் மூன்றும் சேர்ந்தால் பேசுவதற்குப் பலம் இருக்கும்.

அமெரிக்காவில் இந்தப் படிப்பு இவ்வளவு பரவியதற்கு அந்த நாட்டுக் காரணம் ஒன்று உண்டு. வேறு துறையில் மாஸ்டர்ஸ் வைத்திருப்பவர் கல்லூரி மட்டப் பாடம் கற்பிக்க, அந்தப் பாடத்தில் 18 பட்டப்பின் கிரெடிட் வேண்டும் என்பது அங்கே கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஹையர் லேர்னிங் கமிஷன் நீண்ட காலம் வைத்திருந்த அளவுகோல். உயர்நிலைப் பள்ளியில் கல்லூரிப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் அதற்காகவே சேர்கிறார்கள். பாடத்திட்டமும் அவர்கள் வகுப்பறையை மனதில் வைத்துத்தான் அமையும். கொழும்பில் இருக்கும் உங்களுக்கு அந்த 18 என்ற எண்ணால் பயன் இல்லை, ஆகவே 12 கிரெடிட்டில் நல்ல படிப்பு கிடைத்தால் அதை எடுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இறுதிச் செயற்றிட்டம் என்று ஒன்று வரும், அதைத் தமிழ் பேசும் மாணவர்களைப் பற்றிச் செய்யுங்கள். ஆங்கிலம் பலவீனமான தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்கு எந்த வெளிநாட்டு மொழியும் வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள், காரணம் புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பது மட்டும்தான். தமிழ் வழியாக ஸ்பானிஷ் கற்பிக்க ஒழுங்கான பாடக் குறிப்புகள் நமக்கு வேண்டும், அதை எழுதப்போவது நீங்கள்தான்.

இணைய வகுப்பு எத்தனை மணிக்கு வரும்?

சேருவதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டியது. நியூயோர்க்கில் மாலை 6 மணி வகுப்பு, கொழும்பில் கோடையில் அதிகாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. சாவோ பாவுலோவில் இரவு 7 மணி என்றால் இங்கே அதிகாலை 3.30, அங்கே இப்போது கடிகாரம் மாற்றுவதில்லை. மட்ரிட் மாலை 6 மணி இங்கே இரவு 9.30 அல்லது 10.30, லிஸ்பன் அதற்கும் ஒரு மணி நேரம் பிந்தி. காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டியவருக்கு ஸ்பெயின் தாங்கும், அமெரிக்கா தாங்காது. நேரலை இல்லாமல் பதிவு செய்த விரிவுரைகளோடு நடக்கும் படிப்புகளைத் தேடுங்கள். தொலைக்கல்விக்கென்றே இருக்கும் ஸ்பெயினின் உனேத், போர்த்துக்கலின் உனிவெர்சிதாத் அபெர்த்தா இரண்டின் பட்டியல்களையும் பாருங்கள்.

கட்டணம்?

அமெரிக்காவில் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள், மேலே தொழில்நுட்பக் கட்டணம், பரீட்சைக் கண்காணிப்புக் கட்டணம் என்று சேரும். வெளிமாநிலத்தவர் கட்டணம் இணைய மாணவருக்கும் பொருந்துமா என்று கேளுங்கள், சில இடங்களில் பொருந்தாது, பெரிய வித்தியாசம். ஐரோப்பியப் பொதுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மலிவு. 2022இல் ரூபா விழுந்தபோது முழுத் தொகையையும் டொலரில் கட்டுவதாக ஒப்புக்கொண்டவர்கள் பட்ட பாடு தெரியும்தானே, அதனால் பாடத்துக்குப் பாடம் கட்டக்கூடிய இடமாகப் பாருங்கள்.

இங்கே அங்கீகரிப்பார்களா?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள். முகவர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் ஆகலாமா?

திறமைக்கு உதவும், ஆனால் உரிமம் தராது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆவதற்கு இங்கேயும் ஸ்பெயினிலும் தனித்தனி நடைமுறை இருக்கிறது.

வயது 48. பிந்திவிட்டதா?

இல்லை. உருட்டும் ர-வுக்கு இருபது வயதுக்காரரை விடக் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும். கட்டுரை எழுதுவதில் நீங்கள்தான் முன்னால் நிற்பீர்கள்.

விண்ணப்பத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பெயரை. ஸ்பானிஷ் படிவங்கள் இரண்டு குடும்பப் பெயர் கேட்கும், ஒன்று தகப்பன் வழி, ஒன்று தாய் வழி. நம்மிடம் தகப்பனார் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று எது இருக்கிறதோ அதை அப்படியே முதல் பெட்டியில் போடுங்கள், இரண்டாவது பெட்டியை வெறுமையாக விடுங்கள். படிவம் விடாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள், அம்மாவின் பெயரை நீங்களாகவே எழுதிவிட வேண்டாம், சான்றிதழிலும் அப்படியே அச்சாகிவிடும். டெலே பதிவிலும் இதே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும், பரீட்சை அன்று கடவுச்சீட்டோடு ஒப்பிடுவார்கள். பட்டச் சான்றிதழில் பெயர் வேறாக இருந்தால் இரண்டும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, பெறுபேற்றுப் பத்திரத்தோடு வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி வையுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பெறுபேற்றுப் பத்திரம் வர வாரக்கணக்கில் ஆகும், ஆகவே முதலில் அதற்கு விண்ணப்பித்துவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.